யாருக்கும் சேராத வாய்க்கால்

எங்கள் பக்கத்தில் ஒரு வாய்க்காலைக் காட்டி இது என்ன என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மேலே வயல் வைத்திருப்பவர் தன் வயலில் மிஞ்சிய தண்ணீர் அதில் இறங்கி ஓடுவதால் வடிகால் என்பார். அதே தண்ணீரைக் கீழே மறித்துத் தன் வயலுக்குத் திருப்புகிறவர் பாசன வாய்க்கால் என்பார். இருவர் சொல்வதும் சரிதான். தஞ்சாவூரிலிருந்து கடல் வரைக்கும் தரை அப்படித்தான் சரிந்து கிடக்கிறது. ஒருவர் கழித்த தண்ணீரில் அடுத்தவர் விளைவிக்கிறார். ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பாசனத்துக்கு ஒரு பிரிவு, வடிகாலுக்கு ஒரு பிரிவு என்று பிரித்து வைத்திருக்கும் எங்களுக்குத்தான் குழப்பம்.

நான் அரசாங்கத்தில் பொறியாளர். ஆலைகளும் பட்டறைகளும் வெளியே விடும் தண்ணீரைச் சோதித்து, தொழில் நடத்த அனுமதி தருவதும் மறுப்பதும் என் அலுவலகத்தின் வேலை. வலங்கைமான் தாண்டி ஓர் ஊரில் வாய்க்கால் கறுத்து நாறுகிறது என்று மனு வந்துகொண்டே இருந்தது. பாசனப் பிரிவுக்கு எழுதினேன். அது வடிகால் என்று பதில் வந்தது. வடிகால் பிரிவுக்கு எழுதினேன்; கீழே ஷட்டர் வைத்துப் பாய்ச்சுகிறார்கள், அது பாசனம் என்றார்கள். வேளாண்மைத் துறைக்குப் பயிர் கருகினால்தான் வேலை, ஊராட்சிக்குக் குப்பை மட்டும்தான் வேலை. எல்லோரும் மிக மரியாதையாகப் பதில் எழுதினார்கள். தண்ணீர் மட்டும் கறுப்பாகவே ஓடியது.

எனக்கு இழுத்தடிப்பு ஆகாது. வீட்டில் குழாய் சொட்டினால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டாக வேண்டும் என்று நிற்பேன். அதற்காக வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அதனால்தான் தண்ணீர், மண், கழிவு பார்க்கும் துறைகள் அனைத்தும் இனி ஒரே குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, எங்கள் அலுவலகத்தில் என்னைப் போல் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, ஜீப் உள்ள துறையையும் டீசல் உள்ள துறையையும் ஒரே நாளில் கிளப்புவது, வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் மட்டும் காட்டிவிட்டு ஒதுங்குகிறவர்களைத் தனியாகப் போன் போட்டுப் பிடிப்பது எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். பாசனப் பிரிவுப் பொறியாளர் ஒருநாள் என்னிடம், “மேடம், நீங்க கல்யாண வீட்டுல பொண்ணோட சித்தி மாதிரி ஓடறீங்க” என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாய்க்காலுக்கு முதலில் நான் தனியாகத்தான் போனேன். கரையோடு நடந்தால் முதலில் வருவது பெரிய அரிசி ஆலை. உயரமான மதில், அதற்குள் புகைபோக்கி, சுத்திகரிப்பு நிலையம் என்று எழுதிய பலகை. ஆலையின் அனுமதி எல்லாம் கச்சிதமாக இருந்தது. நாங்கள் போகிற நாள்களில் சுத்திகரிப்பு நிலையம் ஓடவும் செய்தது. மற்ற நாள்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் சந்தேகத்தைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்ப முடியாது.

ஆலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நெல் அவிக்கும் களம். சிமெண்டுத் தொட்டிகள் சில, உமி போட்டு எரிக்கும் அடுப்பு, பெரிய அண்டாக்கள், முன்னால் காயப்போட ஒரு களம், அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சொந்த நெல்லைப் புழுங்கல் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார்கள். ஊறவைத்து, அவித்து, காயவைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். நெல் ஊறிய தண்ணீர் ஒரு சின்னப் பள்ளம் வழியாக வாய்க்காலுக்குப் போனது. அதிலும் புளித்த நாற்றம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

களத்தை நடத்தியவர் என் வயதுப் பெண். தலையில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே என்னிடம் பேசினார். வீட்டுக்காரர் துபாயில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஊரில் இருந்ததைவிட அங்கே இருந்ததுதான் அதிகம்.

“களம் இப்படியே ஓடுச்சுன்னா வர்ற பெருநாளோட அங்க முடிச்சுக்கிட்டு வந்துடறேன்னு சொல்லியிருக்காங்க மேடம். மூட்டை தூக்க ஆள் வச்சு எனக்கு முடியல. அவங்க வந்துட்டாங்கன்னா ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம். இத நம்பித்தான் வர்றேங்கறாங்க.”

அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. நான் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அடுத்த மாதம் எல்லாத் துறையும் ஒரே இடத்தில் உட்காரும் முகாம் நடக்கப் போகிறது, அங்கே வந்து விண்ணப்பித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று விளக்கினேன்.

“இத்தன வருஷமா யாரும் வந்து கேக்கலங்க. நானாப் போயி ஏன் மாட்டிக்கணும்?”

“மாட்டிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? வடிகால்ல விடறவங்க ஒரு தொட்டி கட்டித் தெளியவச்சு விட்டாப் போதும், அனுமதி குடுத்துருவோம். கையில ஒரு அனுமதி இருந்தா நாளைக்கு எவனும் வந்து மிரட்ட முடியாதுல்ல. உங்க வீட்டுக்காரரும் நிம்மதியா வருவாரு.”

அவர் யோசித்தார். “எனக்கு அங்கல்லாம் வந்து பேசத் தெரியாது மேடம்.”

“நான் இருக்கேன்ல” என்றேன்.

அதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னேன்.

முகாமுக்கு முன்பே குழுவின் கூட்டம் வந்தது. அன்றைக்கு என் குறி முழுவதும் பெரிய ஆலையின் மேல்தான். வாய்க்கால் யாருடையது என்று தீராமல் ஆலையின் மேல் கை வைக்க முடியாது. கூட்டத்துக்கு முன்னால் நானும் பாசனப் பிரிவுப் பொறியாளரும் வாய்க்காலை மேலிருந்து கீழ்வரை நடந்தே பார்த்திருந்தோம். ஒரு மதகு வருகிறது. அதற்கு மேலே வயல்கள் தண்ணீரை விடுகின்றன. அதற்குக் கீழே எடுக்கின்றன. அவர் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னார்.

“மதகு வரைக்கும் வடிகால், மதகுக்குக் கீழ பாசனம். பாதி அவங்க பாக்கட்டும், பாதி நாங்க பாக்கறோம். இருக்கறதே அதான மேடம்.”

நான் விடவில்லை. பாசனம் என்று எழுதினால் தூர் வாரும் வேலை தன் தலையில் விழும் என்று அவர் நழுவுகிறார் என நினைத்தேன். பாதி நழுவல்தான் அது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் எழுந்து நின்று, இந்தப் பாதி பாதி வேலையால்தான் இத்தனை காலம் தண்ணீர் நாறியது, மேலே கெட்டால் கீழேயும் கெடும், முழு வாய்க்காலையும் பாசனம் என்றே எழுதுங்கள், அப்போதுதான் மேலே இருக்கிற ஆலைக்கும் கடுமையான விதி பொருந்தும் என்று அடித்துப் பேசினேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பேச வந்தது. மேலதிகாரி தலையாட்டினார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நான் வாங்கி வைத்திருந்த மெதுவடையை எடுத்துக் கொடுத்தேன், பாசனப் பிரிவுக்காரர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்.

ஆலைக்கும் மதகுக்கும் நடுவில் அந்தக் களம் இருந்தது. களத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள் நான். மதகைத் தாண்டி நடந்தவளும் நான். ஆனாலும் பேசுகிறபோது எனக்குக் களத்தின் ஞாபகமே வரவில்லை. இதை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நொடிகூட வரவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டிக்கொள்ளவாவது ஒன்று இருக்கும். ஆலையைப் பிடிக்கிற வேகத்தில் அந்தப் பெண்ணை மறந்துபோனேன் என்பதுதான் உண்மை.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேஜைகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொரு துறைக்கும் பலகை வைத்திருந்தோம். அந்தப் பெண் நல்ல சேலை கட்டி, மேலே கறுப்புப் புர்கா போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் வீட்டுப் பத்திரம், மின்சார ரசீது எல்லாம் எடுத்து வந்திருந்தார். என்னைத் தூரத்திலேயே பார்த்துச் சிரித்தார். நானே அழைத்துப்போய் என் மேஜையில் முதலில் உட்காரவைத்தேன்.

பழைய முறையாக இருந்தால் அவர் என்னிடம் மட்டும் விண்ணப்பித்திருப்பார். இடம் எங்கே என்று கேட்டிருப்பேன், வடிகால் ஓரம் என்று எழுதியிருப்பேன், தெளியவைக்க ஒரு தொட்டி கட்டச் சொல்லி அனுமதி கொடுத்திருப்பேன். அடுத்த மேஜையே இருந்திருக்காது. இப்போது என் பக்கத்திலேயே பாசனப் பிரிவுப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். அவர் எட்டி வரைபடத்தைப் பார்த்து, “மேடம், இது போன கூட்டத்துல பாசனம்னு முடிவு பண்ணோமே, அந்த வாய்க்கால்தான?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. உதவி செய்கிற குரலில்தான் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாசன வாய்க்காலில் கழிவுத் தண்ணீர் விடுகிற எந்தத் தொழிலுக்கும் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால்தான் அனுமதி. கோடை வந்தால் ஓய்ந்து கிடக்கிற ஒரு களத்துக்குச் சுத்திகரிப்பு நிலையமா? அந்தக் களத்தையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் கட்டி வராது.

“என்ன மேடம், ஏதும் குறையுதா? வேற எதும் கொண்டாரணுமா?” என்று அந்தப் பெண் பையைத் திறந்தார்.

பொறுங்கள் என்று சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் ஓடினேன். மதகுக்கு மேலே இருப்பது உண்மையில் வடிகால்தான் என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். “நீங்கதானம்மா எந்திரிச்சு நின்னு முழுசும் பாசனம்னு சொன்னீங்க. எல்லாத் துறையும் சேர்ந்து எடுத்த முடிவு. ஒரு களத்துக்காக மாத்துனா நாளைக்கு ஆலைக்காரன் வந்து நிப்பான்.” அவர் சொன்னது நியாயம். நான் மேஜைக்குத் திரும்பினேன்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. விண்ணப்பம் வந்துவிட்டதால், அனுமதியில்லாமல் ஒரு களம் ஓடுகிறது என்பது இப்போது எல்லாத் துறைக்கும் தெரிந்துபோனது. மூடச் சொல்லி உத்தரவு போனது. பூட்டுப் போட்ட அன்றைக்குக் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். எத்தனையோ ஆய்வுக்கு நான் கெஞ்சிக் கூப்பிட்டும் வராதவர்கள் அன்று எனக்கு முன்பே வந்து நிழலில் நின்றார்கள். வேலை சுத்தமாக முடிந்தது. தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த நெல்லை மட்டும் அவித்து எடுத்துக்கொள்ள அந்தப் பெண் கேட்டார், விட்டோம். எங்கள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

புறப்படும்போது அவர் என் அருகில் வந்தார். “நீங்க எங்களுக்காக ஓடுனதப் பாத்தேன் மேடம், அன்னைக்கி மண்டபத்துல. உங்க கையில என்ன இருக்கு?” என்றார்.

என் கையில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் மதகை எல்லையாக வைத்து வாய்க்காலைத் திரும்பப் பிரிக்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். முழுதும் பாசனம் என்று பேசிய குரலில் பாதிகூட எழும்பவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள், நானும் உட்கார்ந்துவிட்டேன். சொட்டும் குழாய்க்கு ஊரைக் கூட்டுகிறவள் அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்றால், என் முடிவு தப்பு என்று என் வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால்தான். வெட்கம் பெரியதாக இருந்தது, அந்தப் பெண்ணின் களம் அதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. நீண்டநாள் தீராத வாய்க்கால் தகராறு துறைகளின் ஒத்துழைப்பால் தீர்ந்தது என்று சுதந்திர தின விழாவில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டில் அதை மாட்ட ஆணி தேடியபோது வேண்டாம் என்று கத்திவிட்டேன். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அதன்பிறகு அந்தப் பக்கம் ஆய்வு வந்தால் இன்னொருவரை அனுப்பினேன். பெருநாள் வந்தது, போனது. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வரவில்லை என்று பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. விழாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் சம்பா நடவு சமயத்தில் தப்பிக்க முடியவில்லை. ஆலையில் மாதிரி எடுக்க நானே போக வேண்டியதாயிற்று. குழு முறைப்படி முன்கூட்டியே தேதி சொல்லித்தான் போகிறோம், அதனால் சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டிருந்தது, கடைசிக் குழாயில் தண்ணீர் தெளிவாக விழுந்தது. பாட்டிலில் பிடித்தேன். முந்தின நாள் வரைக்கும் விட்டது கீழே தேங்கிக் கிடந்தது. மனம் கேட்காமல் கரையோடு கொஞ்சம் நடந்தேன். களத்தில் நெல்லுக்குப் பதில் யார் வீட்டு ஆடுகளோ படுத்திருந்தன. அந்தப் பெண் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்க மேடம், வாங்க. இந்தாங்க, நான் சொன்னேன்ல, அந்த மேடம்தான்” என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் திரையில் இருந்தார். பின்னால் அடுப்பின் வெளிச்சம். சலாம் சொன்னார். “உங்களப் பத்தி நெறயச் சொல்லுவா மேடம். அபராதம் எதும் போடாம விட்டீங்கன்னு. எங்களுக்காக யாருங்க இவ்ளோ பேசுவா?”

அபராதம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். செய்ததற்கு அது ஈடாகுமா? “நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“இருக்கேன் மேடம். வேலைய விடறேன்னு மொதலாளிக்கிட்டச் சொல்லியிருந்தேன். அப்புறம் அவருகிட்டயே போயி, இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்னு கேட்டுக்கிட்டேன். இன்ஷா அல்லாஹ், பாப்போம்.” பிறகு மனைவியிடம் சொன்னார்: “புள்ள, வாய்க்காலக் காட்டு. தண்ணி வந்துருச்சுன்ன. ஊர்த் தண்ணியப் பாத்து எவ்ளோ நாளாச்சு.”

அந்தப் பெண் போனைத் திருப்பி வாய்க்கால் பக்கம் பிடித்தார். நானும் பார்த்தேன். மேலே ஆலை இருக்கும் திசையிலிருந்து தண்ணீர் மெல்ல வந்துகொண்டிருந்தது, ஓரத்தில் நுரை ஒட்டிக்கொண்டு, முதன்முதலில் நான் பார்த்த அதே கறுப்பில்.



“நம்ம களத்த மூடியும் அதே மாதிரிதான் இருக்கா?” என்று போனிலிருந்து கேட்டார் வீட்டுக்காரர்.

“மேடம் பக்கத்துலதான் நிக்கறாங்க” என்று மனைவி சட்டென்று குரலைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். அந்த நிலையிலும் என் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறார்.

அவரிடமிருந்து போனை வாங்கி என் பக்கம் திருப்பினேன். “அதே மாதிரிதாங்க இருக்கு” என்றேன். “மூடியிருக்கவே வேணாம். நான் சொல்லித்தான் மூடுனாங்க.”

அவருக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை. அடுப்புப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். மனைவிக்கு விழுந்தது. அவர் போனைத் திரும்ப வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு டீ குடிக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை.